நகம் வெட்டிச் சீனி பார்த்த காலம்

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்சம் மூத்திரம் தருவீங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பதுதான் எங்கள் உத்தியோகம். கணக்கெடுப்பு, தடுப்பூசி, டெங்கு நுளம்புப் புழு என்று ஏதோ ஒன்றுக்காக வீடு வீடாக அலைந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். என் கதை உங்களுக்குத்தான் விளங்கும்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் சாய்ந்தமருதுவுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். எல்லாரும் போய் ஓய்ந்த பிறகு ஒரு டொக்டர் அம்மா வந்தார். ஈயம், ஆசனிக், கட்மியம் போன்ற உலோகங்கள் தண்ணீராலும் சாப்பாட்டாலும் தூசாலும் உடம்புக்குள் போகின்றன அல்லவா? அவை கூடுதலாக உள்ள கர்ப்பிணிகளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வருகிற வாய்ப்பும் கூடுமா? இதுதான் அவருடைய கேள்வி. அதற்கு ரத்தம் வேண்டும், மூத்திரம் வேண்டும், கால் நகம் வேண்டும். நகத்தில் பல மாதத்துச் சேதி படிந்திருக்குமாம். சேர்த்துக்கொண்டு வருகிற வேலை எனக்குக் கிடைத்தது. பள்ளிப் படிப்பு முடித்து வீட்டில் இருந்தவளுக்கு வான், ஐஸ் பெட்டி, கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை! முதல் நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை.

நகம் தரலாம், பேர் தரலாமா?

ரத்தம் எடுக்கக் கையை நீட்டிய பெண்கள், நகம் என்றதும் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டார்கள். வெட்டிய நகத்தை மண்ணுக்குள் புதைத்துப் பழகிய ஊர் எங்களுடையது. அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கொழும்புக்கு அனுப்பப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் திக்கென்று இராது? ஒரு வீட்டு வளவில் பக்கத்து வீட்டாரெல்லாம் கூடிவிட்டார்கள். நான் என் சொந்தக் கால் நகத்தை அவர்கள் முன்னாலேயே வெட்டிப் பொட்டலத்தில் போட்டுக் காட்டினேன். நிறைமாதக்காரி ஒருத்தி வெகுநேரம் யோசித்துவிட்டுக் காலை மெல்ல வெளியே நீட்டினாள்.

"நகத்தத் தாறன் புள்ள. ஆனா அதில என்ட பேர எழுதிப் போடாத. பேரும் நகமும் ஒண்டாப் போனாத்தான் சூனியம் பிடிக்கும்."

நல்லவேளை, டொக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். பொட்டலத்தில் இலக்கம் மட்டும்தான். அதைச் சொன்னதும் அவள் சந்தோஷப்பட்டு அடுத்த காலையும் நீட்டினாள்.

ஐஸ் பெட்டிக்குள் என்ன?

எங்கள் வான் சாரதி தவம் அண்ணன் பாண்டிருப்பு ஆள். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், சோதனைச் சாவடி. சண்டைக் காலம், பெட்டியும் கையுமாகத் திரிகிற வானை விடுவார்களா? ஒரு நாள் பகல் வெயிலில் ஓர் இளம் ஆமிக்காரன் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே வரிசை வரிசையாக மஞ்சள் போத்தல்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தவம் அண்ணன் தனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, கையாலும் வயிற்றாலும் விளக்கினார். ஆமிக்காரன் போத்தலைப் பட்டென்று உள்ளே வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

இனிப் பெட்டி முழுவதையும் கொட்டச் சொல்லப் போகிறான் என்று நான் கலிமா ஓதிக்கொண்டு நின்றேன். அவன் என் பக்கம் குனிந்து, தமிழைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னான்:

"மிஸ், என்ட பொஞ்சாதியும் வயித்துல புள்ள. ஊர்ல இருக்கு. சீனி பாக்கச் சொல்லவா?"

சீனித் தண்ணி

றிஹானாவை நான் கிளினிக்கில்தான் முதலில் கண்டேன். மாளிகைக்காட்டுப் பக்கம் வீடு, புருஷன் சலீம் கடலுக்குப் போகிறவர். முன்பு தரித்த பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, ஆரும் கண் வைத்துவிடுவார்களோ என்று மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குளுக்கோசு கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, காத்திருந்து மறுபடி ரத்தம் எடுப்பதுதான் சோதனை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களைக் கேளுங்கள், தித்திக்கிற வட்டிலப்பமும் வெறுத்துப்போகும். றிஹானா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ஓங்காளித்தாள், அடக்கினாள், எழும்பாமல் இருந்தாள். கடைசியில் கிளினிக் டொக்டர் அவளைக் கூப்பிட்டு, சீனி கூடவாக இருக்கிறது, சோற்றைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் ஊசியும் போட வேண்டி வரும் என்று பக்குவமாகச் சொன்னார். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்தாள். கண்ணீரும் கோபமும் ஒன்றாக வந்தன.

"சீனியக் கரைச்சி நீங்கதானே தந்த! குடிச்சி முடிய, உனக்குச் சீனி எண்டு செல்றயளே, இது என்ன ஞாயம்கா?"

சாம்பலுக்குள் வெள்ளி

சில வாரம் கழித்து டொக்டர் அம்மா போனில் கோல் எடுத்தார். றிஹானாவின் ரத்தத்தில் ஈயம் மிகக் கூடவாக இருக்கிறது, மற்றப் பெண்கள் ஒருவருக்கும் அப்படி இல்லை, வீட்டுக்குள் எங்கேயோ இருந்துதான் வருகிறது, உடனே போய்ப் பார் என்றார். துப்பறிகிற வேலை! தவம் அண்ணனை விரட்டிக்கொண்டு ஓடினேன். கிணற்றுத் தண்ணீர் எடுத்தேன். மக்காவிலிருந்து வந்த, கண்ணுக்கு இடுகிற சுருமாக் குப்பியை எடுத்தேன். சுவரில் உரிந்த பெயின்றைச் சுரண்டினேன். றிஹானாவின் உம்மா, மகளுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று என் பின்னாலேயே விசும்பிக்கொண்டு வந்தார்.

தேடிக் களைத்து அடுக்களைக்குள் பலகையில் குந்தினேன். றிஹானா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வழுக்காமல் இருக்க, அடுப்புச் சாம்பலை அள்ளி மீனில் தேய்த்தாள். சாம்பலுக்குள் ஏதோ மின்னியது. விரலால் கிளறினேன். கண்ணீர்த் துளி போலச் சின்னச் சின்ன உலோக மணிகள்! "ஊஊ, தவம் அண்ணன்!" என்று நான் கத்திய கத்தலில் கோழிகள் கூரைக்குப் பறந்தன. தின்று குடித்த பாத்திரம் விளக்கிய சாம்பல் முழுவதும் ஈயம். சுனாமி வலைகளைக் கொண்டுபோன பிறகு சலீம் புது வலை கட்டினார். பழைய வாகனப் பட்டரிகளை உடைத்து, சோறு காய்ச்சுகிற அதே அடுப்பில் ஈயத்தை உருக்கி, வலை தண்ணீரில் தாழ்வதற்குக் கட்டுகிற குண்டு ஊற்றி வந்திருக்கிறார். அயலவருக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். சத்தம் கேட்டு ஓடி வந்தவர், நான் மெச்சுகிறேன் என்று நினைத்து ஒரு குண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாருங்க மிஸ், கடயில விக்கிற குண்டு தண்ணிக்க நிக்காது. இது என்ட கையால ஊத்தின. எப்பிடி?"

ஊடு ஆரிட?

அந்தப் பெருமையை எப்படி உடைப்பது? டொக்டர் அம்மாவே வந்தார். ஈயப் புகையும் தூசும் தாய்க்குள் போய், தாய்க்குள்ளால் பிள்ளைக்கும் போகும் என்றார். சலீம் முகம் கறுத்தது. "என்ட வாப்பாவும் உருக்கினவர், நாங்க எட்டுப் பேர் புறந்து வளரல்லியா?" என்றார். "அப்ப மத்த ரெண்டு புள்ளயும் என்னாலயா போன?" என்று கேட்டார். டொக்டர் அம்மா பொய் சொல்லவில்லை. "அது எனக்குத் தெரியாது தம்பி. ஆராலும் சொல்ல ஏலாது. இந்தப் பிள்ளையை நாங்க காக்கலாம், அது மட்டும் தெரியும்" என்றார். சலீம் வெளியே போய், மறுபடி ஒரு பட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வலை கட்டி முடிய வேண்டுமாம், இது ஒன்றுதான் மிச்சமாம்.

றிஹானா எழும்பினாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பது, மாப்பிள்ளை வந்து இருப்பவர். அவள் கதவுக்குக் குறுக்கே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உம்மா பதறினார்.

"ஊடு என்ட பேர்ல இரிக்கி. ஈயம் உள்ள வந்தா, நீங்க வெளியதான்."

தென்னையடிக் காற்று

சலீம் பட்டரியைக் கீழே வைத்துவிட்டு வளவுத் தென்னையடியில் போய் இருந்தார். தவம் அண்ணன் பக்கத்தில் போய்க் குந்தினார். இரண்டு பேரும் வலையைப் பற்றி, மீனைப் பற்றி, எல்லாவற்றையும் கதைத்தார்கள், ஈயத்தைத் தவிர. பிறகு இருவருமாக எழும்பி, பட்டரிகளையும் உருக்கிய சட்டியையும் வானில் ஏற்றினார்கள். றிஹானாவை ராத்தா வீட்டுக்கு, அவள் அக்காவிடம், அனுப்பிவிட்டு, டொக்டர் சொன்னபடி தூசு பறக்காமல் தண்ணீர் தெளித்து, அடுப்பைப் பெயர்த்து, சாம்பலையும் வளவின் மேல் மண்ணையும் மூட்டை கட்டினார்கள். புது அடுப்புக்குச் சலீமே களிமண் குழைத்தார். வான் கிளம்பும்போது, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி தவம் அண்ணன் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"பொம்பிளைக்குப் பயந்து செய்தானெண்டு ஊர் சிரிக்கும், நஸ்ரின். சிரிக்கட்டும், நானும் அப்பிடித்தான்."

பெரிய ஆஸ்பத்திரி வாசல்

அதன் பிறகு றிஹானா சோற்றை அளந்து சாப்பிட்டாள், நடந்தாள், ஊசி போட்டாள். மறுபடி ரத்தம் எடுத்தபோது ஈயம் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் அந்தச் சேதியைச் சொல்லச் சந்தை நடுவே சைக்கிள் மிதித்துப் பறந்ததைப் பார்த்தவர்கள், எனக்குத்தான் கல்யாணம் பேசியிருக்கிறது என்று நினைத்தார்களாம்.

சண்டை முடிந்த செய்தி ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் றிஹானாவுக்கு வலி கண்டது. ஊரில் ஒரு பக்கம் பட்டாசு வெடி, ஒரு பக்கம் அமைதி. எனக்கு இரண்டும் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நானும் தவம் அண்ணனும் சலீமும் நின்றோம். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு, எது யாருடைய பிள்ளை என்று தெரியாமலேயே சலீம் அழத் தொடங்கிவிட்டார். பெண் பிள்ளை. குதிகாலில் குத்திப் பார்த்தார்கள், சீனி சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், உள்ளே போயிருந்த சலீம் பிள்ளையைச் சுற்றிய துணிப் பொட்டலத்தோடு வெளியே வந்தார்.

"மிஸ், இனி என்னய றிஹானாட மாப்பிள எண்டு கூப்பிட வாணாம். இவட வாப்பா எண்டு கூப்பிடுங்க."

முடிவு சொன்ன நாள்

ஆராய்ச்சி முடிய, தாய்மாரை மண்டபத்துக்கு அழைத்து டொக்டர் அம்மா முடிவைச் சொன்னார். சில உலோகங்கள் கூடியவர்களில் சீனியும் கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்றார். றிஹானாவின் உம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் இருந்து கேட்டார்:

"அப்ப எங்கட மூத்திரத்தக் கொண்டு போய் இவ்வளவு நாளும் என்ன செஞ்ச?"

டொக்டர் அம்மாவே வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். என்னைக் கேட்டால், எங்கள் உத்தியோகத்தில் சம்பளம் மூத்திரம் சேர்ப்பதற்கு மட்டும்தான், சந்தோஷம் முழுவதும் சம்பந்தமில்லாத இடத்தில் மூக்கை நுழைப்பதில் கிடைத்தது.