தள்ளிப்போன ஊசி

என் தம்பி குமாருக்கு மனநோய்க்காக நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வியாழக்கிழமை பெங்களூரில் ஊசி. காலண்டரில் வட்டமிடுவது என் வேலை. வலியைத் தாங்குவது அவன் வேலை.

2005-இல் ஒரு ஊசி நாளன்று கர்நாடகத்தில் பந்த். பஸ்களெல்லாம் மாநில எல்லையான ஜூஜுவாடியிலேயே நின்றுவிட்டன. வட்டமிட்ட தேதியோடு மருந்து தீர்ந்து, பழைய குரல்கள் அவனுக்குத் திரும்பக் கேட்கும் என்று பயந்தேன். நாள் முழுக்க அவன் பின்னாலேயே திரிந்தேன்.

"என்னாண்ணா, கம்பெனி செக்யூரிட்டி மாதிரி கூடவே வர்றே?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான். உள்ளே ஏதோ சத்தம். கதவைத் தட்டினேன்.

"யார்கிட்டடா பேசுறே?"

"பாடுறேண்ணா! கேட்டா தெரியலையா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். தூங்காத கண்களோடு நின்ற என்னைப் பார்த்து நர்ஸ், "உங்களுக்குத்தானே ஊசி? படுங்க" என்றார்.

"எனக்குத்தாங்க சிஸ்டர். ஆனா அண்ணனுக்கும் ஒண்ணு போட்டுடுங்க" என்றான் குமார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார். எண்ணெயில் கலந்த அந்த மருந்து தசையில் தங்கி, சொட்டுநீர்ப் பாசனம் போல மெல்ல மெல்ல இறங்குமாம். ஒரு நாள் தள்ளிப்போனால் சட்டென்று நின்றுவிடாதாம். அதற்காக ஊசியை விட்டுவிடவும் கூடாதாம்.

இன்றும் காலண்டரில் வட்டமிடுகிறேன். ஆனால் குமார் பாடினால் கதவைத் தட்டுவதில்லை. பாட்டைக் கேட்கிறேன், சுருதிதான் சேரவில்லை.