இடம் மாறிய செம்பு

நான் பொய் சொன்னேன். என் தவற்றை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் கட்டினேன். அவள் பெயரைச் சொல்லவும் எனக்குத் தகுதியில்லை.

திருத்தணியில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால், முந்தைய மாலையே ஆசிரியர் எல்லாவற்றையும் பொருத்தி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். மறுநாள் மாணவர் சுவிட்சைப் போட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால் போதும். மாணவர்களே செய்த சோதனை என்று அதிகாரியும் எழுதிக்கொண்டு போவார். வெட்கக்கேடு!

அன்று காப்பர் குளோரைடு கரைசல். நீலப்பச்சைத் தண்ணீரில் இரண்டு கார்பன் குச்சிகள். மின்சாரம் பாய்ந்தால் கரைந்திருக்கும் உப்பு பிரியும். மைனஸ் குச்சியில் செம்பு படியும், பிளஸ் குச்சியில் குளோரின் குமிழியிடும். குச்சிகளுக்கு அடையாளச் சீட்டும் ஒட்டியிருந்தேன். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒயர்களை மாற்றி மாட்டிவிட்டேன்.

அன்று சுவிட்சைப் போட வேண்டிய அவள் அதைக் கண்டுபிடித்தாள். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்யும் வீட்டுப் பெண். எந்த இழை எங்கே போகிறது என்று பார்த்துப் பழகிய கண். அதிகாரி வகுப்புக்குள் நுழையும்போது என் அருகே வந்து, "சார், ஒயர் மாறிக்கீது சார்" என்றாள்.

"வாய மூடிக்கினு சுவிட்சப் போடு" என்றேன்.

போட்டாள்... பிளஸ் சீட்டு ஒட்டிய குச்சியில் செம்பு படியத் தொடங்கியது. குளோரினின் பிளீச்சிங் பவுடர் நாற்றம் கிளம்பியது. அதிகாரி முகம் சுளித்து, "இத யாருங்க மாட்டுனது?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? "இந்தப் பொண்ணுதான் சார். எவ்ளோ சொல்லிக் குடுத்தாலும் மண்டையில ஏறல!"

வகுப்பே சிரித்தது. மாட்டியவன் நான் என்று தெரிந்த பிள்ளைகளும் சிரித்தார்கள்... அவள் சுவிட்சை அணைத்தாள்.

இத்தோடு நின்றிருந்தாலாவது...! பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் அவள் அப்பா வந்தார். நல்ல மதிப்பெண். "நர்ஸ் ஆவணும்னு சொல்லிக்கினு இருந்துச்சி சார். இப்போ சயின்ஸ் குரூப்பே வேணாம்னுது. நீங்க சொன்னா கேக்கும். ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

இன்னும் இரண்டு ஆண்டு அவள் என் ஆய்வகத்தில் நின்று என்னைப் பார்ப்பாளே என்று எனக்கு உதறல். "லேபுக்கு அது கை சரிப்படாதுங்க. காமர்ஸ்ல போடுங்க" என்றேன். தூ!

அந்த மனிதர் நம்பினார். கும்பிட்டார். தன் தறியில் நெய்த லுங்கி ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்ததா எனக்கு? வாங்கிக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும்போது தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு அருவருப்பு வருகிறது. பவுடர்மேல் அல்ல, என்மேல்! போன ஆடியில் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டேன். முடிதான் போயிற்று.

அவள் இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடுகிறேன்... இல்லை. தனக்குச் சயின்ஸ் வராது என்று அவளே நம்பிவிட்டாள் போலும்.

நீங்கள் காறித் துப்பலாம். இதை எழுதும்போது நான் கட்டியிருப்பது அந்த லுங்கியைத்தான். நல்ல நெசவு... சாயம் இன்னும் போகவில்லை.