சித்தப்பாவின் கைக்குட்டை

தெருவில் யாரோ கிளப்பிய பழைய மோட்டார் சைக்கிளின் புகை வாசத்தில் நான் மறுபடி தென்காசியில் ஏழு வயதுச் சிறுமியானேன். அப்பாவோடு பல வருஷம் பேசாதிருந்த சித்தப்பா, அப்பா இறந்த பிறகு வந்து, "சாம்பலக் குற்றாலத்துல நானே கரைச்சிட்டு வாரேன், மயினி" என்று அண்ணியான என் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா நம்பவில்லை. "உயிரோட இருக்கையில எட்டிப் பாக்காதவருக்கு இப்ப என்ன அக்கறை?" என்று சொல்லி, சாம்பல் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்கச் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்சீட்டில் ஏறிவிட்டாள். நான் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்தேன். வழியில் இலஞ்சியில் வண்டி நின்றபோதும் அம்மா கலயத்தைக் கீழே வைக்கவில்லை.

குற்றாலத்து ஆற்றங்கரையில் கலயத்தை வாங்கிய சித்தப்பா, ஒரு பிடி சாம்பலை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார்.

"அங்கன என்னத்த ஒளிக்குதீய?" என்றாள் அம்மா.

"அண்ணன் எங்கூடப் பேசாமலே போயிட்டான், மயினி. கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்." சித்தப்பா அழுதார்.

அம்மா கைக்குட்டையை வாங்கி, முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டி, அவரிடமே கொடுத்தாள்.