கதவுப் பிடியில் தொங்கிய பை

எங்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் முதலில் விளக்கை அணைப்போம். பிறகு, மணி அடித்தவர் சலித்துப்போய்த் திரும்பும்வரை இருட்டில் அசையாமல் இருப்போம். லண்டனில் எல்லா வீடுகளிலும் இதுதான் வழக்கம் என்று எட்டு வயதுவரை நான் நம்பியிருந்தேன்.

இது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. சண்டை நடந்த எங்கள் ஊரில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டவுடன் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துப் பழகியவள் நான். லண்டன் கிங்ஸ்பரியில் கட்டிலுக்கடியில் போகத் தேவையில்லை, இருந்த இடத்தில் சும்மா இருந்தாலே போதும் என்பது ஒரு முன்னேற்றமாகத்தான் தெரிந்தது. வெளியே நிற்பவர் யார் என்று நான் கேட்டதில்லை. அவர் சுடுவதற்குத் துவக்கு வைத்திருப்பார் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

உண்மையில் வெளியே நின்றவர்கள் அநேகமாகக் கையில் பிஸ்கற் பக்கற்றோடுதான் நின்றார்கள். அதுதான் பிரச்சினையே.

ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்ட நாளிலிருந்து அப்பா வேலைக்குப் போகவில்லை. கிழமைக்கு ஒரு தடவை தபாற்கந்தோருக்குப் போய் அரசாங்கம் தரும் பெனிபிட் காசை எடுத்து வருவார். அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதற்குள் மூன்று பேர் வாழ வேண்டும். அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். அப்பா அதுவரைகூடப் போகவில்லை. ஆனால் ஒரு பொருளை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில் அம்மாவுக்கு இணை கிடையாது. தகரத்தில் அடைத்து வரும் ஒரு ரின்மீனை முதல் நாள் குழம்பாகவும், மறுநாள் அதே குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டு இன்னொரு குழம்பாகவும், மூன்றாம் நாள் மீன் வந்துபோன வாசனையாகவும் பரிமாறுவார். சந்தை மூடும் நேரம் பார்த்துப் போய்க் கன்றிய தக்காளிகளைக் கூடையோடு வாங்கி வருவார். எங்கள் ஹீற்றரில் இரண்டு கம்பிகள் இருந்தன. இரண்டாவது கம்பி சிவந்து நான் பார்த்ததே இல்லை. தேநீருக்குச் சீனி போடுவதும் இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு மிடறு பாலில்லாத பிளேன்ரீக்கு ஒரு நக்கு என்று குடிப்போம். அப்படிக் குடித்தால் சீனி நாக்கை விட்டுப் போகாது என்று அம்மா சொல்வார். அது உண்மைதான்.

ஆனால் அம்மாவால் சுருக்க முடியாதது ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு உள்ளங்கையில் சீனி கொடுக்க முடியாது. பால் விட்டு, சீனியைக் கோப்பைக்குள்ளேயே போட்டுக் கலக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டில் பலகாரம் வைக்க வேண்டும். சாப்பாட்டு நேரமென்றால் சோறு, சோறென்றால் இறைச்சி. அதேபோல் இன்னொருவர் வீட்டுக்கு நாங்கள் வெறுங்கையோடு போகவும் முடியாது. இதற்கு அம்மா கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. நாங்கள் ஒருவர் வீட்டுக்கும் போவதில்லை. எங்கள் வீட்டுக்கு வருபவர்களுக்கு நாங்கள் வீட்டில் இருப்பதும் இல்லை.

இதனால் எங்களுக்கு லண்டனில் ஒருவரையும் தெரியாமல் போயிற்று. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருந்தது. எனக்கு வாசிகசாலை தெரிந்திருந்தது. அங்கே சூடு இலவசம்.

அந்த ஆண்டு மார்கழி நத்தார் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது என் வகுப்புக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள். ஆசிரியை அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னை ஆராய்ந்துவிட்டு, "இது நீர் குத்தினதோ, உம்மடை அம்மா குத்திவிட்டதோ?" என்று கேட்டாள். என் மேலங்கியில் பொத்தான் இருந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்ததைத்தான் கேட்டாள். கோபித்துக்கொள்வதற்கு முன் அவளுடைய மேலங்கியைப் பார்த்தேன். அதிலும் ஊக்குத்தான். இருவரும் சிரித்தோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் எங்கள் வீதியிலேயே மறுகோடியில் குடிவந்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்:

"ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் உங்கடை வீட்டை வாறம். உம்மடை அம்மாட்டைச் சொல்லும்."

நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கென்று நாங்கள் எங்காவது போக வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானாகவே சீப்பால் தலையிழுத்து, றிபன் கட்டி, அவளுக்குக் காட்டவென்று வாசிகசாலைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"என்ன பிள்ளை, வீட்டுக்குள்ளை றிபன்?" என்றார் அம்மா.

"மகாராணி வாறா போலை," என்றார் அப்பா, முதுகு நோவுக்கு இடுப்பு நாரியில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு.

ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. அம்மா கேத்திலை அடுப்பில் வைத்தார். மணி அடித்தது. அம்மாவின் கை என் கையைவிட வேகமானது, விளக்கு அணைந்தது. நான் எழும்பினேன். அம்மா என் தோளைப் பிடித்து அமர்த்தினார். அந்தக் கையில் கோபம் இருக்கவில்லை. குளிர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் கேத்தில் கூவத் தொடங்கியது. அது தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கும் கேத்தில். முதலில் மெல்லியதாக, பிறகு ரயில் வருவதுபோல.

வெளியிலிருந்து என் சிநேகிதியின் குரல் தெளிவாகக் கேட்டது. "அம்மா, உள்ளுக்கை கேத்தில் கூவுது!"

"சும்மா இரு," என்றது இன்னொரு குரல். பிறகு சற்றுச் சத்தமாக, எங்கள் கதவுக்கே சொல்வதுபோல, "ஆக்கள் குளிக்கினம் போலை பிள்ளை. கேக்காது. நாங்கள் இன்னொரு நாளைக்கு வருவம்," என்றது.

அடுப்படிக்குப் போவதென்றால் கண்ணாடி பதித்த முன்கதவைத் தாண்ட வேண்டும். அப்பா தரையில் இறங்கி, முதுகை நிமிர்த்த முடியாமல் நான்கு காலில் தவழ்ந்து போனார். விசில் நின்றது. இருட்டிலிருந்து அவருடைய குரல் வந்தது:

"ஆமிக்காரன் வந்தநேரம்கூட நான் இப்பிடி ஊர்ந்ததில்லையப்பா."

அம்மா சிரிக்கவில்லை. காலடிச் சத்தம் ஓய்ந்ததும் கதவைத் திறந்தார். கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே கறுப்புத் திராட்சைக் குலை ஒன்று. மாசி மாதத்தில் திராட்சை என்ன விலை விற்கும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"கழுவிப்போட்டுத் தாரும், சாப்பிடுவம்," என்றார் அப்பா.

"திருப்பிச் செய்யாமல் தொண்டையாலை இறங்குமே?" என்றார் அம்மா. அப்பாவுக்கு இறங்கியது. எனக்கும் இறங்கியது. அம்மா ஒன்றுகூடத் தொடவில்லை.

அடுத்த நாளிலிருந்து எங்கள் உள்ளங்கைகளில் சீனி காணாமல் போயிற்று. ரின்மீன் நான்காவது நாளுக்கும் நீண்டது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அம்மா அந்த வீட்டுக்குப் போவதற்காகச் சேர்க்கிறார் என்று தெரிந்ததால், வெறும் தேநீரை நான் அவ்வளவு விருப்பத்தோடு குடித்தேன். பள்ளிக்கூடத்தில் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று போய் நிற்க வேண்டும் என்பது என் திட்டம். அவளும் கேத்திலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பங்குனி பிறந்தபின் ஒரு சனிக்கிழமை அம்மா பயறு வறுத்து, இடித்து, சீனிப்பாகில் உருட்டி, பயற்றம் பணியாரம் சுட்டார். வீடு முழுக்க எண்ணெய் மணத்தது. உடைந்தவற்றை மட்டும் எங்களுக்குத் தந்துவிட்டு, முழுதானவற்றை ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் அடுக்கினார். கலியாணக் கூறைக்கு அடுத்த நிலையில் இருந்த சேலையை உடுத்து, அதற்குமேல் மேலங்கியைப் போட்டார். மேலங்கிக்குக் கீழே ஒரு சாண் ஊதா நிறம் மட்டும் தெரிந்தது.

தூரத்திலேயே அவர்களுடைய முன்னறையில் விளக்கு எரிவது தெரிந்தது. தொலைக்காட்சியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டு மணியை அழுத்தினார்.

விளக்கு அணைந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பின் நடுவிலேயே நின்றுபோனார்கள்.

அம்மா மணியிலிருந்து விரலை எடுத்தார். நான் குனிந்து, கதவில் கடிதம் போடும் வாயின் மூடியைத் தள்ளி உள்ளே பார்த்தேன். வீதி விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போனது. கதவுக்கு உட்புறம், நடைத் தரையில் அவள் இருந்தாள். அவளுடைய தோளில் பின்னாலிருந்து ஒரு கை இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு அவள் முன்னால் சாய்ந்து, இரண்டு விரல்களை அந்த இடைவெளியை நோக்கி நீட்டினாள். மூடியை என் முகத்தில் அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நானே முதலில் கையை எடுத்துவிட்டேன். மூடி படாரென்று விழுந்தது.

"ஆரும் நிக்கினமோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஏதோ விளங்கியதுபோல அவருடைய உதடு மெல்ல விரிந்தது. பையைக் கதவுப் பிடியில் மாட்டினார். பிறகு அந்தக் கதவை நோக்கி, அவருக்கு வழக்கமில்லாத சத்தத்தில் சொன்னார்:

"ஆக்கள் வெளியிலை போயிட்டினம் போலை பிள்ளை. பாவங்கள், அலைச்சலாக்கும். இன்னொரு நாளைக்கு வருவம்."

திரும்பி வரும்போது நான் அழுதேன். எங்களை உள்ளே விடத் தகுதியில்லாதவர்களாக அவர்கள் நினைத்துவிட்டார்கள் என்று அழுதேன். சீனியில்லாமல் குடித்த தேநீரையெல்லாம் நினைத்து அழுதேன். அம்மாவோ என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்ததைவிட மெதுவாக, கதை கேட்டுவிட்டுப் போகிறவர்போல நடந்தார். வீட்டில் அப்பா, "என்ன, கெதியாய் வந்திட்டியள்?" என்று கேட்டபோது, "எங்களைப் போலை ஆக்கள்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். அங்கே அவர் தனியாகச் சிரிப்பது கேட்டது. அம்மாவுக்கு மானமே இல்லை என்று நான் முடிவு செய்தேன்.

மானத்தை நானே காப்பாற்றினேன். திங்கட்கிழமை ஆசிரியையிடம் கேட்டு வேறு மேசைக்கு மாறினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் மானமுள்ளவள்தான். அவளைவிட ஒரு புள்ளியாவது கூட எடுக்க வேண்டும் என்று படித்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை முதலில் மிதித்தவள் நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அந்தப் பெருமைக்கு அத்திவாரம் ஒரு அணைந்த விளக்கு என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐஸ்கிரீம் பெட்டி சில கிழமைகளில் திரும்பி வந்தது, முறுக்கு நிரம்பி. மணி அடித்தது. அம்மா விளக்கை அணைத்தார். காலடிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை பொறுமையாக நின்று, பிறகு கதவைத் திறந்து பையை எடுத்தார். பெட்டியை வெறுமையாகத் திருப்ப முடியாதல்லவா? மறுபடி சீனி காணாமல் போயிற்று, மறுபடி பெட்டி வீதியின் மறுகோடிக்குப் போனது. நகரசபைக் கவுன்சில் அவர்களுக்கு லண்டனின் தென்கோடியில் தோர்ண்டன் ஹீத்தில் வீடு கொடுத்து அனுப்பும்வரை இது நடந்தது. அந்த இரண்டு அம்மாமாரும் ஒருநாளும் ஒரு கோப்பைத் தேநீரை ஒன்றாகக் குடிக்கவில்லை. மற்றவர் மணியடித்துவிட்டுப் போக வசதியாக விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு பல மாதங்கள், மணி அடிக்காத பின்னேரங்களிலும் அம்மா முன்கதவைத் திறந்து வெளிப்பிடியைப் பார்த்துவிட்டு மூடுவார். காற்று வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அந்த இரண்டு விரல்களைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். மூடியை அடிப்பதற்கு யாரும் விரல்களை அப்படி, உள்ளங்கை மேலே தெரியும்படி நீட்டுவதில்லை. அவை என் விரல்களைத் தேடி வந்தவை என்பது எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.