கரண்டியில் முகம் பார்த்தவர்

கறிக்கரண்டியின் பின்புறத்தில் முகம் பார்த்துத்தான் அவர் உதட்டுக்குச் சிவப்புப் பூசுவார். கண்ணாடி இல்லாமல் இல்லை. மில்லிக்கனில் இருந்த எங்கள் களஞ்சியத்தில், சாப்பாட்டு அறைக்குப் பக்கத்திலேயே ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஆனாலும் முகநூல் நேரலை தொடங்குவதற்கு முன் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதில் வீங்கித் தெரியும் தன் மூக்கைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் பூசுவார். பிறகு அந்தக் கரண்டியாலேயே கறியைக் கிளறுவார்.

பிலிப்பினோக்கள் அக்காவை ஆத்தே என்பார்கள். அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர் ஆத்தேதான். முதலாளி என் சித்தப்பா. தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பால் ரின்களை இறக்கி விற்பவர். தமிழ்க் கடைகளில் எங்கள் ரின்னுக்கு நல்ல பெயர். பிலிப்பினோ வீடுகளிலும் தேங்காய்ப்பால் விட்டுத்தான் பூசணியும் பயற்றங்காயும் இறாலும் சமைக்கிறார்கள் என்று அறிந்ததும் சித்தப்பாவுக்கு அந்தப் பக்கம் ஆசை போனது. ஒரு விளம்பர நிறுவனம் தென்னைமரமும் கடற்கரையுமாக முகநூல் பக்கம் ஒன்று செய்து கொடுத்தது. பார்க்க அழகான பக்கம். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அதை நடத்திக்கொண்டிருந்த எனக்குத் துணையாகத்தான் ஆத்தேயை வேலைக்கு எடுத்தார்கள்.

ஆத்தே வந்த முதல் வாரமே கடற்கரையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுப்பை வைத்தார். நேரலையில் ஒருவர் வந்து சேர்ந்ததும் பெயர் சொல்லி வரவேற்பார். முழங்கால் வலி எப்படி, மகளுக்கு விசா வந்ததா, ஊருக்கு அனுப்பிய பெட்டி போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொருவரையும் விசாரிப்பார். அடுப்பு மூட்டுவதற்குள் பாதி நேரம் போய்விடும். சித்தப்பா கதவடியில் நின்று பல்லைக் கடிப்பார்.

“உவ எப்பதான் எங்கட சாமானைப் பற்றிக் கதைக்கப் போறா?”

தமிழ் வானொலியில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல அழைத்தால், மாமன் மச்சான் பெயரெல்லாம் சொல்லி முடிக்காமல் தொலைபேசியை வைக்காத மனிதர் அவர்! ஆத்தேயிடம் இதைச் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். “உங்கள் சித்தப்பாவும் எங்கள் ஆள்தான். அவருக்குத்தான் அது தெரியவில்லை” என்றார். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். என் நினைவில் அவர் எப்போதும் தமிழிலேயே பேசுகிறார்.

ஒரு குளிர்காலத்தில், யூனியன்வில்லில் பிள்ளை பார்க்கும் வேலை செய்த ஒரு பெண் எங்கள் பக்கத்தில் படமொன்றைப் போட்டார். வாராவாரம் நேரலைக்குத் தவறாமல் வருபவர். திறந்த ரின்னின் மேலே வெள்ளையாக ஒரு கட்டி. ‘பழுதாகிவிட்டதா?’ என்று கேட்டிருந்தார். பால் பழுதாகவில்லை, கார் விடும் கராஜில் கிடந்த ரின்னில் கொழுப்பு குளிருக்கு உறைந்திருந்தது. சூடாக்கினால் உருகிவிடும். இதை இரண்டு வரியில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் முன்னால் ஒரு குறை வந்தால் குறையைப் பார்க்கமாட்டோம். யார் பார்த்தது என்றுதான் பார்ப்போம். சித்தப்பா அந்தப் பின்னூட்டத்தைத் தன் கையாலேயே அழித்து, அந்தப் பெண்ணையும் பக்கத்திலிருந்து தடுத்துவிட்டார்.

அந்தப் பெண் சும்மா இருப்பாரா? தன் ஆட்களின் குழுக்களிலெல்லாம் எழுதினார். அவர்கள் பொங்கி எழுந்தார்கள். சித்தப்பா ஆத்தேயை அழைத்து, அந்தப் படம் போட்டிக் கம்பெனிக்காரரின் வேலை என்று நேரலையில் சொல்லச் சொன்னார்.

“அவர் வாராவாரம் நம் வீட்டுக்கு வந்தவர். வந்தவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, இப்போது பொய்க்காரி என்றும் சொல்லச் சொல்கிறீர்களா?” என்றார் ஆத்தே. “சொல்லமாட்டேன்.”

சொல்லாவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்றார் சித்தப்பா. ஆத்தேயின் மகன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்; வீட்டில் அவர் ஒருவரின் சம்பளம்தான். அது சித்தப்பாவுக்கும் தெரியும்.

அன்றைக்கும் கரண்டியில் முகம் பார்த்தார். சாயம் உதட்டைத் தாண்டியது. துடைத்துவிட்டு மறுபடி பூசினார். நேரலையில் முதலில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைத்தார். “அவரை நாங்கள் தடுத்துவைத்திருக்கிறோம். அது பிழை. அவர் பொய் சொல்லவில்லை” என்றார். குளிரில் வைத்த ரின் ஒன்றைத் திறந்து கட்டியைக் காட்டினார். அடுப்பில் இட்டு உருக்கிச் சமைத்து, அள்ளிச் சாப்பிட்டார். கைபேசியைப் பிடித்திருந்தது நான். சித்தப்பா கதவடியில் நின்று, நிப்பாட்டு என்று கை காட்டினார். நான் நிப்பாட்டவில்லை. கை வலித்தபோதும் இறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலைகளில் அது ஒன்று என்று இன்றைக்கும் சொல்வேன்.

பால் விற்றதா என்று கேட்பீர்கள். விற்றது. பிலிப்பினோக் கடைகள் தாமாகவே அழைத்தன. அதற்காக ஆத்தேயின் வேலை திரும்பி வரவில்லை. சித்தப்பா தன் வாயால் ஒருநாளும் பிழை என்று சொல்லவில்லை. அண்ணன் மகளை வீட்டுக்கு அனுப்பினால் சொந்தத்துக்குள் பதில் சொல்ல வேண்டி வரும் என்பதால் நான் தப்பினேன். அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும். ஆத்தே தொலைவிலுள்ள வினிப்பெக் நகருக்குப் போய்விட்டார். போகும்போது கரண்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த வாரம் இன்னொரு படம் வந்திருக்கிறது. நெளிந்த ரின், விளிம்பில் துரு. இந்தமுறை குறை உண்மையிலேயே எங்களுடையது.

“உந்தப் படத்தை அழி பிள்ளை, ஆக்கள் பாக்க முதல்” என்றார் சித்தப்பா.

“ஏலாது சித்தப்பா. நான் நேரலையில சொல்லப் போறன்.”

“அப்ப உனக்கும் இஞ்ச வேலையில்லை.”

“ஓம். சொல்லிப்போட்டுப் போறன்.”

கரண்டியைத் திருப்பிப் பிடிக்கிறேன். என் மூக்கும் வீங்கித்தான் தெரிகிறது. சிவப்புப் பூசுகிறேன். கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, நேரலையைத் தொடங்குகிறேன். சித்தப்பா கதவடியில் நிற்கிறார். நிற்கட்டும். வினிப்பெக்கிலிருந்து ஆத்தே நேரலையில் வந்து சேர்ந்துவிட்டார். தன் வணக்கத்துக்கு அவர் கொஞ்சம் பொறுப்பார். அந்தப் படத்தைப் போட்ட பெண்ணின் பெயரைச் சொல்லி முதல் வணக்கம் வைக்கிறேன்.