பெரிய வெள்ளியன்று பூட்டிய கடைகள்

மெல்பேர்ன் வந்த முதல் வருடம், இலையுதிர் காலத்தில் ஈஸ்டர் வந்தது. வியாழக்கிழமை டண்டினொங் கடைகளில் சொக்லேட் முட்டைகளின் அழகை ஆசைதீரப் பார்த்து நடந்தோம். சனங்கள் பாணும் பாலும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ர பால்மா முடியப்போகுது. வாங்குவமே?" என்றேன்.

"இந்தச் சனத்துக்குள்ள ஏனப்பா? எங்கட ஊரில தீபாவளியண்டும் கடை திறந்துதானே இருக்கும். நாளைக்கு வாங்குவம்," என்றார் கணவர். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மறுநாள் பெரிய வெள்ளி. தெருவில் காய்ந்த இலைகளைத் தவிர ஈ காக்கை இல்லை. எல்லாக் கடைகளும் பூட்டு. பசியில் வீறிட்ட கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி கண்ணாடிக்குள் பார்த்தேன். முட்டைகளுக்குப் பின்னால் பால்மா டின்கள் அடுக்கியிருந்தன.

அழவும் தெம்பில்லாமல் பிள்ளை சோர்ந்தபோது, முற்றத்தில் குழந்தை உடுப்புகள் காய்ந்த, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம். தன் கைக்குழந்தையுடன் வந்து கதவைத் திறந்த பெண் தன் பால்மா டின்னில் பாதியைக் கொட்டித் தந்தாள். கணவர் நிமிரவேயில்லை.

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஈஸ்டருக்கு முந்திய வியாழன்களில் நான் முட்டைகளைப் பார்க்க நிற்பதில்லை. ஒரு பால்மா டின்னை மட்டும் வாங்கிக் குசினியில் வைக்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் வேண்டுமே.