வால்வுக்காரர் படித்த நாவல்

தெருவில் எல்லோருக்கும் அவர் தண்ணிக்காரர்தான். பத்தொன்பது வருடமாகக் குடிநீர் வால்வைத் திறந்து மூடும் வேலை. காலை ஐந்தரைக்குத் திறப்பார், ஏழேகாலுக்கு மூடுவார். தோளில் ஆளுயர இரும்புச் சாவி. மூடும்போது தெருவே திட்டும். அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் பிழைப்பு நடக்காது.

பதினொன்றாவது படிக்கும் மகள் ஒரு நாவலைத் தலைகீழாக ஒப்பிப்பாள். நூறு வருடம் கழித்து ஒரு நகரம். அங்கே சொட்டுத் தண்ணீரும் ஒரு சர்வாதிகாரியின் கையில். அவனை எதிர்க்கிறாள் பதினாறு வயதுப் பெண்.

"உங்க வேலையைப் பத்தின கதைப்பா. ஒரு தடவை படிங்க" என்று அவருடைய சாப்பாட்டுப் பையில் திணித்துவிட்டாள்.

நீரேற்று நிலையத்தில் தொட்டி நிரம்பக் காத்திருக்கும் மதியங்களில் படித்தார். முதல் நாற்பது பக்கம் அவரை ஆட்டிவிட்டது. வரிசையில் நிற்கும் ஒருத்தி, முன்னால் நிற்பவளின் குடம் நிறைவதைப் பார்க்காத மாதிரி பார்க்கிறாள். குழாய் நிற்பதற்கு முன் இருமுகிறது.

"இதை எழுதினவங்க வரிசையில நின்னிருக்காங்கய்யா" என்றார், பக்கத்திலிருந்த மோட்டார்காரரிடம்.

அதற்கப்புறம்தான் எரிச்சல். நகரத்தின் பெரிய வால்வை அந்தப் பெண் ஒற்றைக் கையால் ஒரே இழுப்பில் திறக்கிறாள். அவருடைய சின்ன வால்வுக்கே இருபத்திரண்டு சுற்று. அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும். சரி, கதைக்குக் கால் ஏது என்று விட்டார். ஊரே நா வறண்டு சாகும்போது, இரண்டு பையன்களில் யாரைக் காதலிப்பது என்று முப்பது பக்கம் யோசிக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தாண்டினார். ஆனால் வால்வு அறையில் நின்று திறந்து மூடும் காவலாளியைக் குழாய்த் துண்டால் அடித்துப் போடுகிறாள். இரண்டே வரி. செத்தானா, பிழைத்தானா என்றுகூட இல்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் மகளிடம் கேட்டார். "அந்த வால்வுக்காரன் என்ன ஆனான்?"

"எந்த வால்வுக்காரன்?"

"நூத்தி எண்பத்தாறாம் பக்கம்."

"ஓ, அவனா? அவன் கெட்டவங்க ஆளுப்பா."

"சட்டம் போட்டவனா அவன்? மேல சொன்ன நேரத்துக்கு மூடுறான். அவனுக்குன்னு வீடு வாசல் கிடையாதா?"

"மூட மாட்டேன்னு அவன் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தார்.

"சாப்பாடு ஆறுது. ரெண்டு பேரும் அந்த ஊரை விட்டு வெளிய வாங்க" என்றாள் மனைவி.

ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. மறுவாரம் பதிப்பகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். முதல் பக்கம் முழுக்க அந்த வரிசையைப் பாராட்டினார். இரண்டாவதில் வால்வை எப்படித் திறக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கினார். மூன்றாவதில் காவலாளிக்காக வாதாடினார்: 'அவன் மறுக்க முடியாமல் நிற்பதையாவது எழுதியிருக்கலாம். அது இல்லாமல் இந்த நகரத்தை யார் நம்புவார்?' அந்த வரியை நாலு தடவை அடித்துத் திருத்தினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே பளபளப்பான அட்டை, கதாநாயகியின் படம், கீழே அச்சில், 'அன்புக்கு நன்றி, இளம் வாசகரே!'

"ஐயோ அப்பா, எனக்குக் குடுங்கப்பா!" என்று மகள் பறித்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பி நீட்டினாள்.

"மூணு பக்கம்மா. ஒருத்தர்கூடப் படிக்கலை."

சில நாள் கழித்து, பள்ளிச் சுவரிதழில் வந்த தன் நூல் விமர்சனத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வேகமான நடை, மறக்க முடியாத கதாநாயகி, மனதை அள்ளும் இரண்டு பையன்கள் என்று ஏழு வரி. எட்டாவதாக: 'காவலாளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.'

"ஒரு வரிதானா?"

"எட்டு வரிக்கு மேல டீச்சர் விடலைப்பா."

அவர் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த ரெண்டு பையன்களை வெட்டியிருக்கலாமே" என்றார்.